மத்தியாஸின் முதுகு

கட்டுகஸ்தோட்டை ஜெசிந்தா வார நாட்களில் கணித ஆசிரியை, வார இறுதியில் ஒரு மெட்டல் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவள். குழுவின் புதுப் பாட்டு அசுர வேகம். சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறித் தந்தியைச் சுண்டியும் டிரம்ஸுக்குப் பின்னால்தான் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

அதனால் தினமும் காலையில் கண்டிக்குப் போகையில், மோட்டார் சைக்கிள் ஓட்டும் கணவன் மத்தியாஸின் முதுகிலேயே விரல்களைப் பழக்கினாள்.

“இது முதுகும்மா, மேளமில்ல,” என்றான் அவன்.

“மெட்டல்னா கொஞ்சம் வலிக்கத்தாங்க செய்யும்.”

“வலி எனக்கு, பேரு ஒனக்கா?”

ஒருநாள் மகாவலிப் பாலத்தில் வாகனங்கள் நகராமல் நின்றன. மத்தியாஸ் திரும்பினான். “வேகமா வாசிக்க எதுக்கு இந்தக் குத்து? சத்தம் வேணும்னா ஆம்ப்ளிஃபையர்ல கூட்டிக்க. என்னைய விட்டுரு.”

சிரித்தாலும் அவளுக்கு அது உறைத்தது. மணிக்கட்டைத் தளர்த்தி, விரல்நுனி மட்டும் படும்படி மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டினாள்.

பாலம் தாண்டியதும் அவன் கேட்டான், “என்ன, கோவிச்சுக்கிட்டு நிறுத்திட்டியா?”

“நிறுத்தலையே! முழு வேகத்துல ஓடிட்டிருக்கு.”

மத்தியாஸ் நம்பவில்லை. சனிக்கிழமை அவளோடு போன ஒத்திகையில், டிரம்ஸ் அடிக்கும் பிறையன் வியர்வையைத் துடைத்தபடி, “கொஞ்சம் மெதுவா போங்கக்கா,” என்று கெஞ்சியபோதுதான் நம்பினான்.