நீலம் கூடிய பூக்கள்

சேக் முகைதீன் அன்று காலையில் குடும்பக் குரூப்பில் போட்ட செம்பருத்தி கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் சப்ரீன் உடனே பதில் போட்டுவிட்டாள்: "அத்தா, நம்ம ஊர் செம்பருத்திய யாராச்சும் அடிச்சுக் கன்ன வச்சுட்டாங்களா?" தோசையைத் திருப்பிப் போட்டபடி அதைப் படித்த ஃபரீதா கணவரை எட்டிப் பார்த்தாள். மனிதர் அசரவே இல்லை.

"அவ போன்ல டிஸ்பிளே போயிருக்கும். மாத்தச் சொல்லு" என்றார்.

அவருடைய காலைப்பொழுது முழுவதும் பூக்களோடுதான். பள்ளிவாசலில் விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு நேரே வீட்டுக்கு வர மாட்டார். தென்காசி ரோட்டில் நடந்து, யார் வீட்டுக் காம்பவுண்டுக்கு வெளியே எது எட்டிப் பார்க்கிறதோ அதைப் போனில் பிடித்துக்கொண்டு வருவார். அரளி, பவளமல்லி, சங்குப்பூ, கேட்பாரற்று முளைத்த நித்தியகல்யாணி. ஒரு பூவுக்காகச் சாக்கடை ஓரத்தில் முட்டி போட்டு, அந்த வீட்டு நாய் குரைத்து, தெருவே கூடி விசாரித்த கதையும் உண்டு. வீட்டுக்கு வந்தால் டீயை ஆற விட்டுவிட்டு எடிட்டிங்கில் உட்கார்ந்துவிடுவார். வெளிச்சத்தை ஏற்றுவார், நிழலை இறக்குவார், கடைசியில் திரையின் அடியில் இருக்கும் ஒரு கோட்டைப் பிடித்து நகர்த்துவார். ஒரு பக்கம் இழுத்தால் படம் மஞ்சளாகும், மறுபக்கம் இழுத்தால் நீலமாகும். கொஞ்ச காலமாக அவர் விரல் நீலத்தின் பக்கமே போய்க்கொண்டிருந்தது. கேட்டால், "படம் ஒரேயடியா மஞ்சளடிக்கி. இந்தப் போன் கேமராவே இப்படித்தான்" என்பார்.

வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விடலாம். சேக் முகைதீனுக்குப் பிழைப்பே நிறம்தான். பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறார். பெண்கள் சேலையைக் கொண்டுவந்து விரித்தால், அதற்குத் தோதான ஜாக்கெட் துணியை ஒரே பார்வையில் அடுக்கிலிருந்து உருவிப் போடுவார். அதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. ஃபரீதாவும் கடையில் இருப்பாள். அளந்து வெட்டுவதும் பில் போடுவதும் அவள் வேலை. நிறத்தைப் பற்றி அவள் வாய் திறந்தால் போச்சு. "ஒனக்குத் தெரிஞ்சது செவப்பு, மஞ்ச, பச்ச. சிக்னல்ல நிக்கதுக்கு அது போதும்" என்று ஆட்கள் முன்னாலேயே கிண்டலடிப்பார். அவளும் சிரித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், ஜயலக்ஷ்மி மாமி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ஃபரீதா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடைக்கு வருகிறவர். மகள் அனுக்ரஹாவின் ரிசப்ஷன் சேலையைப் பையிலிருந்து எடுத்தார். கருநீலம். பக்கத்தில் சேக் முகைதீன் பொருத்திக் கொடுத்த துணியை வைத்தார். அது கறுப்பு.

"டெய்லர்தான் வெயில்ல வெச்சுக் காமிச்சா. கல்யாணப் பொண்ணுக்குப் போய்க் கறுப்பா..." என்று இழுத்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாய் மொகத்தைப் பாத்துச் சொல்ல மனசு வரலே. அதான் அவர் இருக்க மாட்டார்னு தெரிஞ்சு இந்த நேரத்துக்கு வந்தேன்."

ஃபரீதா மன்னிப்புக் கேட்டு, கருநீலத்தைத் தேடி வெட்டிக் கொடுத்தாள். மாமி போன பிறகுதான் அது உறைத்தது. போன வாரம் ஒரு டீச்சரம்மா துணி மாற்ற வந்ததும் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான். அதற்கு முந்தி அங்காளம்மாள், வெள்ளைக்குச் சந்தன நிறம் வந்துவிட்டதென்று மாற்றிப்போனதும் அதே நேரம்தான். ஊரே பேசி வைத்துக்கொண்டதுபோல அவருக்குத் தெரியாமல் வந்து போய்க்கொண்டிருந்தது. கோளாறு அவர் கண்ணில்தான். கண் சரியில்லை என்று அவரிடம் சொல்வதும் கடையை மூடிவிடுங்கள் என்று சொல்வதும் ஒன்றுதான். பூப்படம் எடுப்பதையும் அன்றோடு விட்டுவிடுவார். அதன் பிறகு அந்த மனிதரிடம் என்ன மிச்சமிருக்கும்?

அதனால் அவள் சொல்லவில்லை. அவர் எடுத்துப் போடும் துணி தவறாக இருந்தால், வெட்டுகிற சாக்கில் அடுக்குப் பக்கம் போய்ச் சரியானதை எடுத்து வெட்டிக் கொடுத்தாள். பயந்து பயந்துதான் செய்தாள். ஆனால் மாற்றியது ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அந்தச் சந்தோஷத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இருந்தது.

இந்தத் திருட்டுத்தனம் எத்தனை நாள் ஓடும்? ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். அங்காளம்மாள் கையில், ஃபரீதா மாற்ற முடியாமல் போய்த் திரும்பி வந்த ஒரு துணி. ஃபரீதா கையில் மாற்றுத் துணி. அங்காளம்மாள், "பொறவு வாரேன் பாய்" என்று துணியை மேசையில் போட்டுவிட்டு நழுவிவிட்டாள். அவர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"எனக்குத் தெரியாம என் கடையில என்ன நடக்கு?"

"அவ கேட்டது கருநீலம். நீங்க குடுத்தது கறுப்பு."

"கறுப்பா? ரெண்டும் ஒரே கலர்தானட்டி!"

"இல்லீங்க."

"நான் சொல்லுதேன், இல்லங்கியா? சரி, போட்டோ எடுத்துப் பாத்துருவோம். கேமரா யாருக்கும் பயப்படாது."

இரண்டு துணிகளையும் வாசல் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். திரையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்துக்கோ. என்ன வித்தியாசம்?" என்றார். அவளுக்கு நன்றாகவே தெரிந்தது, ஆனால் பார்வையைத் துணிகளின் பக்கம் இறக்கிக்கொண்டாள். ஜெயித்த தெம்பில் அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் விரல் வெளிச்சத்தை ஏற்றியது. ஒரு துணி சாம்பலாக வெளுத்தது. இன்னும் ஏற்றினார். மற்றது வெளுக்கவில்லை. பளிச்சென்று நீலமாகிக்கொண்டே வந்தது. விரல் அப்படியே நின்றுவிட்டது.

வெளியே ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு போயிருச்சா ஃபரீதா?"

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொறையாத்தான் இருக்கும். மதுரைக்குப் போயி காட்டுவோம்" என்றாள்.

கண்புரைதான். இரண்டு கண்ணிலும் முற்றியிருந்தது. முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். இடது கண் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் தேடியது போனை. கட்டிலில் உட்கார்ந்து பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஃபரீதா கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அழித்துவிடுவார் என்று பயந்தாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"அம்புட்டுப் பூவையும் சொட்டு நீலத்துல முக்கி எடுத்துருக்கேன் பாரு! ஊரே சிரிச்சிருக்குமே."

"ஊரு சிரிக்கல. வெள்ளிக்கிழமை மத்தியானமாப் பாத்து வந்துட்டுப் போச்சு" என்றாள். யார் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

சிரிப்பு நின்றது. போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சட்டை நுனியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள் அவள்.

மறுவாரம் காலை நடைக்கு அவளையும் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் கூப்பிட்டதில்லை. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக முன்னால் நடந்தவர், காலி மனை ஒன்றின் ஓரத்தில் நின்றார். எருக்கஞ்செடி. யாரும் படம் எடுக்காத பூ. எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடித் திரையைப் பார்த்தார், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடியும் பூவைப் பார்த்தார்.

"இந்தக் கண்ணு ஒண்ணு சொல்லுது, அந்தக் கண்ணு வேற சொல்லுது" என்று போனை அவளிடம் நீட்டினார். "நீ சொல்லு. இது என்ன கலரு?"

ஃபரீதா குனிந்து பூவைப் பார்த்தாள். வெள்ளையென்று சொல்லிவிட முடியாது. ஊதாவென்றும் சொல்ல முடியாது. இதழின் நுனியில் ஒன்று, நடுவில் ஒன்று. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, திரையின் அடியிலிருந்த அந்த மஞ்சள்-நீலக் கோட்டின் மேல் வைத்தாள். காலை வெயிலில் மஞ்சளடித்திருந்த படம் மெல்ல வெளுத்து வந்தது.

"இன்னுங் கொஞ்சமா?" என்றார்.

"செத்த நேரம் பேசாம இருங்க."

இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சேக் முகைதீன் பேசாமல் நின்றார்.