தகர அறைக்குள் குளிர்காற்று

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் காலையில், தமிழ்ச்செல்வியின் சமையலறை வாசலுக்கே வந்து நின்றுவிட்டார்கள் ஆறு பெண்களும். எல்லோரும் கல்லூரியில் படிக்கிறவர்கள். சிதம்பரம் கனகசபை நகரில் அவள் வீட்டு மாடியில் வாடகைக்குத் தங்கியிருப்பவர்கள்.

"அக்கா, இந்தத் தண்ணில மூஞ்சி கழுவலாம். குளிக்க முடியாது" என்றாள் சுவாதி, தலையில் கட்டிய துண்டோடு நடுங்கிக்கொண்டே.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. எந்நேரமும் வெந்நீர் உண்டு என்று சொல்லித்தான் தமிழ்ச்செல்வி அவர்களைச் சேர்த்திருந்தாள். அதற்காகவே இரண்டு வருஷத்துக்கு முன் மொட்டைமாடியில் ஹீட் பம்ப் வைத்தார்கள். பார்க்க ஏசியின் வெளிப்பெட்டி மாதிரி இருக்கும். விசிறி காற்றை இழுக்க, அதிலிருக்கிற சூட்டைப் பிடுங்கிப் பக்கத்துத் தொட்டித் தண்ணீரில் சேர்க்கும். ஐம்பத்தைந்து டிகிரி என்று வைத்துவிட்டால் விடிகாலையில் ஐம்பத்தைந்தில் நிற்கும். அப்படிச் சொன்ன பேச்சு கேட்ட மெஷின், ஒரு மாதமாக நாற்பதை எட்டுவதற்கே முக்கி முனகியது.

கடலூரிலிருந்து கம்பெனி மெக்கானிக் அருண்குமார் வந்தான். மெஷினைச் சுற்றியிருந்த தகர அறையின் கதவை விரியத் திறந்துவைத்து, இரண்டு மணி நேரம் மீட்டர் மாட்டிப் பார்த்தான்.

"கேஸ் கரெக்டா இருக்கு மேடம். கம்ப்ரசர்தான் வீக் ஆயிருக்கும், மாத்திடலாம். திங்கக்கிழமை கொட்டேஷனோட வர்றேன்."

அந்தத் தகர அறை அவள் கணவர் தேவநாதன் கட்டியது. பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருக்கிறவர். சனிக்கிழமை வந்து திங்கள் விடியலில் திரும்புவார். தீபாவளி லீவில், மழை மெஷின்மேல் கொட்டுகிறதே என்று நாலு பக்கமும் தகரம் அடித்து, மேலே மூடி, கதவு வைத்து, பச்சை பெயிண்டும் பூசினார். அக்கம்பக்கத்தார் மாடியேறி வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

தமிழ்ச்செல்விக்கு ஒரு பழக்கம். தொந்தரவு ஆரம்பித்ததிலிருந்து, டிஸ்ப்ளேயில் தெரியும் டிகிரியைச் சமையலறைக் காலண்டரில் நேரத்தோடு குறித்துவைப்பாள். மெக்கானிக் வந்துபோன அன்று சாயங்காலம் அதைப் பார்த்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பத்து மணிக்கு முப்பத்தொன்று. மெக்கானிக் கிளம்பிய பன்னிரண்டு மணிக்கு முப்பத்தொன்பது. கதவைச் சாத்தியபின் ஆறு மணி நேரம் ஓடியும் நாற்பத்தொன்றுதான். பெண்கள் எல்லாம் கல்லூரியில்; ஒரு சொட்டு வெந்நீர் செலவாகவில்லை.

கம்ப்ரசர் கெட்டிருந்தால், கதவு திறந்திருந்தபோது மட்டும் எப்படிச் சூடேறியது?

மாடியேறித் தகர அறைக்குள் நுழைந்தாள். ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டது மாதிரி இருந்தது. கல்லூரியிலிருந்து திரும்பியிருந்த சுவாதி தன் லேப் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தாள். வெளியே இருபத்தைந்து, உள்ளே பன்னிரண்டு.

"பாத்தியா? சூட்டை எடுத்துக்கிட்டுக் குளுந்த காத்த வெளிய தள்ளுது. அது போக வழியில்ல. தள்ளுன காத்தையே திரும்ப இழுத்துக்கிட்டு நிக்குது" என்றாள் தமிழ்ச்செல்வி.

மறுநாள் கணவரின் ஸ்பேனரை எடுத்துப் போய் இரண்டு பக்கத் தகரத்தைத் தானே கழற்றினாள். ஒரு இடத்தில் ஸ்பேனர் வழுக்கிப் பச்சை பெயிண்டில் நீளமாகக் கீறல் விழுந்தது. அவர் முகம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆசையாய்ப் போய்ப் பார்த்தால் நாற்பத்தேழு. முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் ஐம்பத்தைந்து இல்லை. அந்தப் பையன் சொன்னதுதான் சரியோ என்று மனசு தளர்ந்தது. காபியைக்கூடக் குடிக்காமல் பீரோவிலிருந்து மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்து, இங்கிலீஷை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தாள். காற்று நுழையும் பின்பக்கத் தகடுகளைச் சுத்தமாக வைக்கவும் என்று ஒரு வரி இருந்தது.

பின்பக்கத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையே அரை அடிதான். தலை நுழையாது. செல்போனை உள்ளே நீட்டி ஒரு போட்டோ எடுத்தாள். கம்பளி போர்த்தியது போல ஒரே சாம்பல் நிறம். ஆறு பெண்களின் துணி மாடியில்தான் காய்கிறது. அதிலிருந்து பறந்த நூல்பஞ்சும் தெருப்புழுதியும் இரண்டு வருஷமாக அங்கே போய் அப்பியிருந்தன.

மெயினை அணைத்தாள். பெயிண்ட் பிரஷ் ஒன்றைக் குச்சியில் கட்டி, மேலிருந்து கீழாக நீவினாள். அழுத்தினால் மடங்கிவிடும் மெல்லிய தகடுகள். பிறகு குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டாள். கறுப்புத் தண்ணீர் தெளிய ஒன்றரை மணி நேரம் ஆனது. நன்றாகக் காயவிட்டு மறுபடி போட்டாள்.

சனிக்கிழமை காலை குளியலறையிலிருந்து அலறல் கேட்டது. "அக்கா, சுடுது! பச்சத்தண்ணி கலக்கணும்க்கா!"

காலண்டரில் ஐம்பத்தைந்து என்று சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டாள். யாரும் பார்க்கவில்லை என்றதும் இன்னொரு வட்டமும் போட்டாள்.

சாயங்காலம் தேவநாதன் வந்தார். மாடியில் சாய்த்துவைத்திருந்த தகரத்தையும் கீறலையும் பார்த்தார்.

"யாரு கழட்டுனது?"

"நான்தாங்க."

"என்னை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா செல்வி?"

"கேட்டா வேணாம்பீங்க. முதல்ல இதப் பாருங்க" என்று காலண்டரையும் போட்டோவையும் நீட்டினாள்.

அவர் தேதி தேதியாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்பேனரைக் கையில் எடுத்து, மீதி இரண்டு பக்கத்தையும் தானே கழற்றினார்.

"இருபத்தஞ்சு வருஷமா பாய்லர் பக்கத்துல நிக்கிறேன். காத்துக்கு வழி விடணும்னு எனக்குத் தோணல பாரு" என்றார்.

திங்கட்கிழமை பஸ்ஸை மதியத்துக்குத் தள்ளிப்போட்டார். அருண்குமார் வந்ததும் நேரே அவரிடம் போய்க் காகிதத்தை நீட்டினான்.

"சார், கம்ப்ரசர் கொட்டேஷன்..."

"என்கிட்ட காட்டாதீங்க தம்பி. மெஷினப் பாக்குறது அவுங்க. அவுங்கள்ட்ட பேசுங்க."

கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தன்னை 'அவுங்க' என்று சொல்லித் தமிழ்ச்செல்வி கேட்டதில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. அருண்குமாருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, பன்னிரண்டு டிகிரியிலிருந்து ஆரம்பித்து நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கொட்டேஷனை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"கதவத் தொறந்துவச்சே பாத்துட்டேன் மேடம், தப்பு என்னுதுதான். கடலூர்ல ரெண்டு வீட்ல இதே கம்ப்ளெயின்ட். ரெண்டுலயும் மெஷின் சின்ன ரூமுக்குள்ளதான் இருக்கு. இந்தக் காலண்டர ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கப்பா. பின்பக்கமும் பாரு, மறந்துடாத."

அவன் போனபின் தேவநாதன் டேப்பையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மாடியேறினார். மழைக்கு மேல்கூரை மட்டும் போடப்போகிறாராம். நாலு பக்கமும் திறப்பு. மெஷினையும் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

"எவ்ளோ எடம் விடணும், சொல்லு" என்று கேட்டார்.

"பின்னாடி ஒன்றரை அடி, முன்னாடி மூணு அடி. ஜாஸ்தி இருந்தாலும் தப்பில்ல. எழுதிக்கங்க" என்றாள் தமிழ்ச்செல்வி.

அவர் எழுதிக்கொண்டார்.