ஏழாவது செடி

காட்டைச் சுற்றி வேலி போட்ட பதினோராம் நாள், மருந்துக்காரியின் இடது தோளில் ஒரு செடி முளைத்தது. மூன்று இலை, சிவந்த தண்டு. காய்ச்சலுக்கு வேர் எடுக்கும் அதே செடி. காட்டிலிருந்து இறக்கித் தகரக் கூரை வீடுகளில் அடைக்கப்பட்ட அவள் சனங்களில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. காட்டுக்குப் போக வழியில்லை என்றால் செடிதானே வரவேண்டும்? அவள் சட்டைத் தோளைக் கிழித்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வேலி வந்ததே அவளால்தான். வலி என்று வந்தவனுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. கம்பெனிக்காரன் ஒருவன் காய்ச்சலோடு தலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். செடி நிற்கும் இடத்தையே கூட்டிப்போய்க் காட்டினாள் மகராசி. வருடம் திரும்புவதற்குள் காடு கம்பெனியுடையது. அவள் அதே வேரின் மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினாள்.

அப்புறம் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. புட்டி மருந்துக்குக் கேட்கவில்லை. தோளில் வேர் இருந்தும் பிடுங்க முடியாது. ஏழு செடி நின்றால்தான் ஒன்றைப் பிடுங்கலாம், அதுவும் மூத்ததை; மீறினால் அது மருந்தில்லை, வெறும் குச்சி. அவள் அப்பா ஒருமுறை அவசரப்பட்டு மீறி, மனைவியைப் புதைத்தார்.

பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வெயிலில் உட்கார்ந்து, தன்மேல் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். முதலில் வலது தோளில் ஒன்று, பிறகு கழுத்தில் ஒன்று, முதுகில் மூன்று. ஒன்பதாம் நாள் மொத்தம் ஆறு. ஏழாவது வரவேயில்லை. மகளுக்குக் கண் செருகிவிட்டது.

"வந்து தொலையேன்! என் உசிருதான் வேணுமா? எடுத்துக்கோ!" என்று தன் உடம்பையே அறைந்து அழுதாள்.

"அம்மா, கை அரிக்குது," என்று முனகினாள் மகள்.

விரித்துப் பார்த்தால் உள்ளங்கையில் மூன்று இலை.

உடனே இடது தோளிலிருந்த மூத்த செடியைப் பிடுங்கினாள். வேர் முழங்கை வரை நீண்டு வந்தது. மகள் பிழைத்தாள், அம்மாவின் இடது கை அன்றோடு விளங்காமல் போயிற்று. லேபிள் வேலையும் போயிற்று.

செய்தி எட்டிய மறு வாரம் கம்பெனி ஆட்கள் டேப்போடு வந்து அளந்து, அந்த வீட்டைச் சுற்றி வேலி போட்டு, வாசலில் ஒரு காவல்காரரை உட்காரவைத்தார்கள். மழை முடிந்த சமயம், அவர் நடுங்கியபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, நாலு நாளா காய்ச்சல் விடல. முடியல."

"இல்லைன்னு சொல்லும்மா, உன்னைக் கும்பிடுறேன். இருக்கிற ஒரு கையும் போயிடும்," என்றாள் மகள்.

மருந்துக்காரி இருவர் மேலும் இருந்ததை எண்ணினாள். மகளின் காதோரம் புதிதாக ஒன்று வந்திருந்தது. ஏழு. தானே பிடுங்க இடது கை விளங்காததால், அடுத்த மூத்த செடி நின்ற வலது தோளை மகள் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள்.

"பார்த்துப் பிடுங்கு. வேர் அறுந்துடக் கூடாது."

மகள் அழுதுகொண்டே பிடுங்கிக் கொடுத்தாள். காவல்காரருக்கு மறுநாளே காய்ச்சல் விட்டது. அவர் வழக்கம்போல் காவலுக்கு வந்தார்.