ஸ்ரீநாத் போட நினைத்த பார்ட்டிஷன்

ஒட்டுக்கேட்பவன் காதில் நல்ல சேதி விழுந்ததாகச் சரித்திரமே இல்லை. ஹரிநாராயணன் ஒட்டுக்கேட்கப் போகவில்லை; ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த வேட்டியைக் காயப்போட மொட்டைமாடிக்குப் போனார், அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி ஸ்ரீநாத் செல்போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான்.

“ரெண்டும் ஒண்ணாக் கெடந்தா சரிப்படாது மாப்ள. பார்ட்டிஷன் போட்டுற வேண்டியதுதான். பழசை ஒரு ஓரமாச் சுருக்கிட்டா நமக்குத் தாராளமா எடம் கெடைக்கும். அண்ணன் சாமான் கொஞ்சம் இருக்கு, மொதல்ல அதை வெளிய எடுத்துரணும். அப்புறம் தனியா ஒரு லைன் இழுக்கணும். இல்ல, அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல. சொன்னாப் பயந்துருவாரு.”

சொல்லாமலே பயந்துவிட்டார் அண்ணன். ஈர வேட்டியைக் காயப்போடாமல் அப்படியே தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

மதுரையில், அதிலும் மகாலுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்துகளில், பார்ட்டிஷன் என்றால் ஒரே அர்த்தம்தான். சர்வேயர் வருவார், வக்கீல் வருவார், கடைசியில் செங்கல் வரும். தனி லைன் என்றால் தனி மீட்டர், தனி மீட்டர் என்றால் தனி உலை. இவர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம்; படிப்பவர்களுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன். ஆனால் பார்ட்டிஷன் எந்த மொழியிலும் பார்ட்டிஷன்தான்.

ஹரிநாராயணன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று சொல்வதே அவர் பிழைப்பு. தம்பி கிளம்பப் போவது மட்டும் அவருக்குத் தெரியவில்லையே என்று மருகினார். ஸ்ரீநாத்துக்கு வாடிப்பட்டிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேப் வேலை. கல்யாணமாகி எட்டு மாதம். வந்த மருமகள் வித்யாஸ்ரீ வாய் திறக்காத பெண். திறக்காத வாய்தான் உள்ளே அவன் காதில் ஊதிவிட்டதோ என்று அவளையும் மனசுக்குள் ஒரு பிடி பிடித்தார். நியாயமில்லைதான். பயந்தவன் எங்கே நியாயம் பார்க்கிறான்?

மனைவி ரங்கநாயகி விஷயத்தைக் கேட்டுவிட்டு, நேராகத் தம்பியிடமே கேட்டால் என்ன என்றாள். அது எப்படிக் கேட்பது? கேட்டு, அவன் ஆமாம் என்றுவிட்டால்? அதற்குப் பயந்து அவர் இஞ்ச் டேப்பை எடுத்தார்.

பதினோரு அடி அகலம், எழுபது அடி நீளம். ரயில் பெட்டி மாதிரி வீடு. அதை எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒருவனுக்கு வாசல் இருக்காது, இன்னொருவனுக்குக் குளியலறை இருக்காது. பழைய மாதக் காலண்டர் தாளின் பின்புறம் பென்சிலால் படம் போட்டு, கோடு இழுத்து, அழித்து, மறுபடி இழுத்து, மத்தியானம் வரை போராடினார்.

ஒரு மணிக்கு ஸ்ரீநாத் வந்தான். கையில் இரவல் வாங்கிய டிரில்லிங் மிஷின், தோளில் ஒரு சுருள் கேபிள்.

“அண்ணே, உங்க ரூம் சுவத்துல ஒரு ஓட்டை போட்டுக்கிறவா?”

“ஓட்டை எதுக்குடா, சுவரே எழுப்பிக்க” என்று தாளை நீட்டினார் ஹரிநாராயணன். “முன்பக்கம் உனக்கு. வாசலும் மாடிப்படியும் உன் பக்கமே வருது. தனி லைனுக்கு ஈ.பி. ஆபீஸ்ல நானே எழுதிக் குடுத்துர்றேன்.”

ஸ்ரீநாத் தாளைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் டிரில்லிங் மிஷினைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடி லேப்டாப்பைத் தூக்கி வந்தான். சிரிப்பு வந்தும் அவன் சிரிக்கவில்லை. அண்ணன் முகம் அப்படி இருந்தது.

விஷயம் இதுதான். வருகிற ஜூனிலிருந்து பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்க வேண்டும். லேப்டாப்பில் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் குடியிருக்க முடியாது. அதனால் எண்பது ஜி.பி. டிஸ்க்கில் பழையதை ஐம்பதுக்குள் சுருக்கி, மிச்சத்தில் புதியதை வைக்க வேண்டும்; டிஸ்க்கை அப்படிப் பிரிப்பதற்கும் பார்ட்டிஷன் என்றுதான் பெயர். சுருக்கும்போது தவறினால் உள்ளே இருப்பது போய்விடும். அதனால் அண்ணன் குடும்பத்தின் அழகர்கோவில் போட்டோக்களை முதலில் சிடியில் ஏற்றிவிட வேண்டும். வயர் இல்லாத இன்டர்நெட் லினக்ஸில் இந்த லேப்டாப்புக்கு ஒத்துவராது. அண்ணன் அறையில் இருக்கும் இன்டர்நெட் பெட்டியிலிருந்து கேபிள் இழுக்க வேண்டும். போனில் பேசியது லேபில் கூட வேலை பார்க்கும் முத்திருளனோடு.

“அப்ப வீடு?” என்றார் ஹரிநாராயணன்.

“வீட்டை என்னண்ணே செய்யப்போறேன்?”

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். நியாயமில்லாமல் அந்தப் பெண்ணைத் திட்டியது நினைவுக்கு வந்து கூசியது. அந்தக் கூச்சத்தையும் மீறிச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு அவரை யார் பிடிப்பது? சுவரில் ஓட்டை போடத் தானே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். போட்டோக்களை மூன்று சிடியில் ஏற்ற வைத்து, மூன்றையும் போட்டுப் பார்த்த பிறகுதான் தம்பியை மேற்கொண்டு விட்டார். கேபிள் இந்தப் பக்கம் வந்து, ஸ்ரீநாத் ஏதோ எண்களைத் தட்டியதும் லேப்டாப் ஓரத்தில் பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

கடைசியில் டிஸ்க்கைப் பிரிக்கும் வேலை. திரையில் ஒரே நீலமாகக் கிடந்த பட்டை அரை மணி நேரம் முக்கி முனகி, நீலமும் மஞ்சளுமாக இரண்டானது. விண்டோஸைத் திறந்து பார்த்தார்கள்; அழகர்கோவில் பத்திரமாக இருந்தது.

“இம்புட்டுத்தானா பார்ட்டிஷன்?” என்று பெருமூச்சு விட்டார் ஹரிநாராயணன்.

சாப்பாட்டுக்கு எல்லாரையும் கூப்பிட வந்த வித்யாஸ்ரீ, தரையில் கிடந்த காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தாள். கணவனின் அண்ணனிடம் நேராகப் பேசுவது அவளுக்கு வழக்கமில்லை. அதனால் ரங்கநாயகியிடம்தான் காட்டினாள்.

“அக்கா, எல்லாத்துக்கும் கோடு போட்டிருக்கு. சமையக்கட்டு யாருக்குன்னு போடலையே?”

ரங்கநாயகி குனிந்து பார்த்தாள். அந்த ஓரிடத்தில் மட்டும் ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் நைந்து கிழிந்திருந்தது.

ஹரிநாராயணன் வித்யாஸ்ரீயைப் பார்த்தே பதில் சொன்னார்.

“நாலு தடவ போட்டுப் பாத்தேம்மா. கை வரல.”