முப்பது குழி அட்டை

ஆய்வு மாணவி மதுமதி அனுப்பிய அளவீட்டுப் படத்தைப் பார்த்ததும் பேராசிரியர் முருகானந்தம் சேலத்திலிருந்து உடனே போன் செய்தார். மூன்று வருடமாக ஒரு தடவைகூடப் பாராட்டாத மனிதர், "இதான்மா உன் கடைசி அத்தியாயம். சாயங்காலத்துக்குள்ள எழுதி அனுப்பிரு, நாளைக்கு அச்சுக்குக் குடுத்துரலாம்" என்றார்.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே, இரண்டு கோழிக் கொட்டகைகளுக்கு நடுவில் அவள் வீடு. கல்லூரி ஆய்வகத்தில் வெள்ளையடிக்கிறார்கள் என்று ஒரு வாரமாக எல்லாவற்றையும் இங்கே தூக்கிவந்து, முட்டை அடுக்கும் அறையின் ஓரத்தில் மேஜை போட்டிருந்தாள். மேஜைமேல் முப்பது கண்ணிகள் வரிசையாகக் கோத்த ஒரு மின்சுற்றுப் பலகை. அது ஒரு குவாண்டம் பொருளுக்குப் பதிலாள்; அங்கே எலக்ட்ரான் நகர்வதுபோல இங்கே மின்சமிக்ஞை கண்ணிக்குக் கண்ணி நகரும்.

பாடப்புத்தகத்துப் பொருளில் எலக்ட்ரான் இடமும் வலமும் ஒரே மாதிரி போய்வரும். ஆற்றல் வெளியே கசியாது. நிஜத்தில் கசியும், வெளியிலிருந்து உள்ளேயும் வரும். சில பொருட்களில் வலப்பக்கம் போவது சுலபம், திரும்பி வருவது கஷ்டம். அப்போது எல்லாம் ஒரு கோடியில் போய்க் குவிந்துவிடும். அந்தக் குவியல் பொருளின் அமைப்பிலேயே விழுந்த முறுக்கு, சின்னச் சின்ன மாற்றத்துக்கெல்லாம் அசையாது என்பது கோட்பாடு. ஹெர்மீஷியன் அல்லாத இடவியல் என்று அதற்குப் பெயர். உள்ளே எல்லாம் தாறுமாறாகக் கிடந்தாலும் குவியல் நிற்குமா என்பதுதான் மதுமதியின் கேள்வி. நின்றால் பட்டம். நிற்காவிட்டால் இன்னும் ஒரு வருடம்.

தாறுமாறுக்காக, வெவ்வேறு அளவில் முப்பது கெபாசிட்டர் வாங்கி, சீட்டுக் குலுக்கிப் போட்டு, வந்த வரிசைப்படியே ஒரு முட்டை அட்டையின் முப்பது குழியிலும் முந்தின நாள் வைத்திருந்தாள். காலையில் தோழி கிருத்திகாவோடு போனில் பேசிக்கொண்டே, அட்டையைத் தடவித் தடவி ஒவ்வொன்றாகப் பலகையில் செருகினாள். எந்தக் கண்ணியில் சமிக்ஞை கொடுத்தாலும் மின்னழுத்தம் வலது கோடியில் போய் மலையாகக் குவிந்தது. அந்தப் படம்தான் சேலத்துக்குப் போனது.

பாராட்டு வாங்கிய பிறகுதான் வழக்கமான சோதனை ஒன்று பாக்கி என்று நினைவு வந்தது. பலகையில் சமிக்ஞையை வலப்பக்கம் தள்ளிவிடும் சிப்புகளுக்கு மின்சாரத்தை நிறுத்தினால் குவியல் கலைய வேண்டும்.

நிறுத்தினாள். குவியல் அப்படியே நின்றது.

மதுமதி குனிந்து பலகையை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தாள். இடது கோடியில் உளுந்து அளவு கெபாசிட்டர், வலது கோடியில் புளியங்கொட்டை அளவு, நடுவில் படிப்படியாக ஏற்றம். பத்தடி தள்ளி உட்கார்ந்து, சிறு முட்டைகளைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா சௌந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, என்ற அட்டையைத் தொட்டியா?"

"பெருசுஞ் சிறுசும் கலந்து கெடந்துச்சு சாமி. பாக்கச் சகிக்கல. பிரிச்சு அடுக்கி வெச்சேன்."

கோபப்படவும் முடியவில்லை. அந்த வீட்டில் கலந்து கிடக்கும் அட்டைக்கு ஒரே விதிதான். அளவு ஏறிக்கொண்டே போனால் சமிக்ஞை அந்தச் சரிவிலேயே உருண்டு ஓரத்துக்குப் போய்விடும்; அதற்கு எந்த முறுக்கும் வேண்டாம். படத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் பேராசிரியரை அழைத்தாள்.

"படம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் அவர்.

"நல்லாருக்குதுங்க சார். ஆனா அது தாறுமாறு இல்லீங்க, வரிசை."

நடந்ததைச் சொன்னாள். மறுபடி கலைத்து அளக்கச் சொன்னார் அவர். குவியாவிட்டால் அந்த அத்தியாயத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

செய்த வினைக்கு ஈடாகச் சௌந்திரமே உதவிக்கு வந்தாள். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, பார்க்காமல் எடுத்துத் தரச் சொன்னாள் மதுமதி. முதல் எட்டும் சின்னதாகவே வந்தன.

"கை தானாத் தேடுது சாமி," என்றாள் சௌந்திரம் சங்கடத்தோடு. "முப்பது வருசமாப் பிரிச்ச கைக்குக் கலக்க வருமா?"

கடைசியில் ஒரே அளவில் முப்பது சீட்டு வெட்டி, கெபாசிட்டருக்கு ஒன்றாக எண் எழுதி, அதை எடுக்கச் சொன்னாள். காகிதத்தில் பெரிது சிறிது இல்லாததால் அம்மாவின் விரல்களுக்குப் பிடி கிடைக்கவில்லை.

முதலில் சிப்புகளுக்கு மின்சாரம் தராமல் அளந்தாள். மின்னழுத்தம் சமிக்ஞை கொடுத்த இடத்தைச் சுற்றியே தங்கிக் கிடந்தது. பிறகு மின்சாரம் கொடுத்தாள். திரையில் கோடு ஆடியது, நடுவில் திக்கியது, பிறகு வலது கோடியில் ஏறி நின்றது. காலையில் இருந்ததில் பாதி உயரம்தான். இன்னும் நான்கு தடவை புதிதாகச் சீட்டு எடுத்துப் பார்த்தார்கள். நான்கிலும் வலது கோடிதான். கடைசித் தடவையில் மட்டும் பதினேழாவது கண்ணியில் ஒரு சின்ன மேடு.

"அது ஏன் அங்கயே நின்னுக்கிச்சு?" என்று சௌந்திரம் கேட்டாள்.

"தாறுமாறு அங்க அதைப் புடிச்சு வெச்சிருச்சு. அளவுல வித்தியாசம் இன்னும் அதிகமாச்சுன்னா எல்லாமே அப்படி அங்கங்க நின்னுக்கும். எது வரைக்கும் தாங்குதுன்னு அடுத்து பாக்கோணும்."

"பாரு. கலக்கறதுக்கு மட்டும் என்னயக் கூப்புடாத." சௌந்திரம் முட்டைகளிடம் திரும்பிப் போனாள்.

புதுப் படத்தோடு காலைப் படத்தையும் சேர்த்தே அனுப்பச் சொன்னார் பேராசிரியர். சரிவும் குவியலைப் போலவே வேஷம் போடும் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்றார். மதுமதி அத்தியாயத்தை எழுதி முடித்து, காலைப் படத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: அளவுப்படி பிரித்து அடுக்கியவர், சௌந்திரம், புதுச்சத்திரம்.