அதிர்வியலில் ஓர் இடம்

வேலை விளம்பரம் எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'துடிப்புள்ள இளம் ஆராய்ச்சியாளர் தேவை, நீண்ட அனுபவம் அவசியம்' என்பார்கள். இளமையும் வேண்டுமாம், அனுபவமும் வேண்டுமாம். பிறந்த கையோடு லேத் மெஷின் பக்கத்தில் போய் நின்றவனைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். 'திட்டம் முடியும்வரை மட்டும்' என்று ஒரு வரி போடுவார்கள். திட்டம் முடிந்தபின் அந்த ஆள் எங்கே போவான் என்று எழுதவே மாட்டார்கள். இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்களின் பாதி ஆயுள் இந்த விளம்பரங்களை வாசிப்பதிலேயே கழிகிறது. என் புருஷனின் ஆயுள் அப்படித்தான் கழிந்துகொண்டிருந்தது.

நாலு பேர் எதிரில் அவனை 'அவர்' என்பேன், வீட்டுக்குள் 'டா'தான். ஒரே லேப்பில் சேர்ந்து ஆராய்ச்சி செய்த சிநேகிதனை, தாலிக்குப் பிறகு திடீரென்று 'வாங்க போங்க' என்று சொல்ல வாயில் வருமா? அதனால் இங்கேயும் அவன் என்றே சொல்கிறேன். அவனுக்கு ஆட்சேபணை இருக்காது.

எங்கள் கல்லூரிப் பலகையில் ஒரு நாள் அந்த வரி வந்தது. 'உதவிப் பேராசிரியர், அதிர்வியல், ஓர் இடம், நிரந்தரம்.' அதிர்வியல் என்றால் இயந்திரங்களின் அதிர்வைப் பற்றிய பாடம். நான் அதே இயந்திரப் பொறியியல் துறையில் இயக்கவியல் நடத்துகிறவள். பலகை முன்னால் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஓர் ஊர், அவன் ஓர் ஊர். எஞ்சின் சோதனைக் கூடங்களில் ஒப்பந்த ஆராய்ச்சியாளன் அவன். ஒரு திட்டம் முடிந்தால் இன்னொரு ஊர், இன்னொரு கூடம். சனிக்கிழமை காலையில் பையோடு வந்து இறங்குவான், ஞாயிறு சாயங்காலம் அதே பையோடு கிளம்பிவிடுவான். எங்கள் மகள் சின்ன வயதில் அவனை 'சனிக்கிழமை அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். கேட்டவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை.

இந்த வேலை கிடைத்தால் மூன்று பேரும் ஒரே வீடு. கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். வயது வரம்பு அவனுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது, அடுத்த விளம்பரத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

படிப்பிலோ ஆராய்ச்சியிலோ அவனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவனுக்கு எமனே அவன் காதுதான்.

எங்கள் பழைய லேப் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. எண்ணெய் வாசனை, சூடான பெல்ட் வாசனை, சுவரோரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சுழல் தண்டு. இப்போதும் ஏதாவது பணிமனையைக் கடக்கும்போது அந்த வாசனை வந்தால் என் கால் தானாக நின்றுவிடும். அங்கே அவன் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். "உள்வளையத்துல ஒரு கீறல் இருக்கு" என்பான். கழற்றிப் பார்த்தால் இருக்கும். பாம்புக் காது. அதனால் அவன் பெயரே 'காது' என்றாகிவிட்டது. எனக்குப் 'பட்டாசு' என்று பெயர் வைத்தார்கள். ஏன் என்று கேட்டவனை நான் ஒரு முறை முறைத்ததும் அந்தப் பெயர் உறுதியாகிவிட்டது. எங்களுக்கு மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார். ஆய்வேட்டை எழுதுவார், கிழிப்பார், மறுபடி எழுதுவார். அந்த லேப்பை விட்டுப் போகாமல் இருந்தது அவர் ஒருவர்தான் என்பதால் அவருக்கு 'நிரந்தரம்' என்று பெயர்.

வேலை விளம்பரங்களை வெட்டி, கருவிப் பெட்டகத்தின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவைப்பதும் அவர்தான். யாருக்காவது நேர்காணல் வந்தால் முந்தின நாள் மத்தியானம் லேப்பிலேயே ஒத்திகை. மாட்டிக்கொண்டவர் மரப்பெட்டி மேல் ஏறி நிற்க வேண்டும். நிரந்தரம் ஒரு தேய்ந்த பெல்ட்டை டை மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுத் தலைவராக உட்காருவார். நாங்கள் கேள்விகளால் குடைவோம். விதி ஒன்றே ஒன்றுதான்: பின்னால் என்ன சத்தம் வந்தாலும் திரும்பக் கூடாது. யாராவது ஒருவர் போய்ச் சுழல் தண்டின் ஒரு போல்ட்டை லேசாகத் தளர்த்திவிடுவார். திரும்பினவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அந்த வருடங்களில் நாங்கள் குடித்த டீ முழுக்கக் காதுடைய உபயம்.

ஒரு ஒத்திகையில் நான் அவனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன். தண்டு லேசாகக் கடகடத்தது. அவன் திரும்பிவிட்டான்.

"இங்க ஒருத்தி தொண்டைத் தண்ணி வத்தக் கேள்வி கேட்டுட்டு நிக்கிறேன், அங்க என்னடா பார்வை?"

அவன் நிதானமாக என் பக்கம் திரும்பினான். "போல்ட் லூசா இருக்கு. அது கிடக்கட்டும். உன் குரல்ல ஒரு நடுக்கம் இருக்கு. காய்ச்சலா?"

காய்ச்சல்தான். காலையிலிருந்து மறைத்துக்கொண்டு திரிந்தேன். கூடவே இருந்த சிநேகிதிக்குத் தெரியவில்லை, காலையில் போனில் பேசின அம்மாவுக்கும் தெரியவில்லை. அந்த இடத்திலேயே நான் தொலைந்தேன். இவனைத்தான் கட்டிக்கொள்வது என்று அந்த மரப்பெட்டி முன்னால் முடிவு செய்தேன்.

கட்டிக்கொண்ட பிறகுதான் அந்தக் காது என்ன பாடு படுத்தும் என்று தெரிந்தது. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், இயக்குநர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "சார், உங்க ஏசி ரொம்ப நாள் தாங்காது" என்றிருக்கிறான். இன்னொரு இடத்தில் தேர்வாளர் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியைக் குனிந்து பார்த்து, "கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறான். கொஞ்ச நாள் கழித்து சந்தோஷமாகப் போன் செய்தான்.

"அந்த ஏசி நின்னுடுச்சாம். நான் சொன்னேன்ல!"

"வேலை?"

"அது வேற யாருக்கோ போயிடுச்சு."

போனை வைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன். அப்படி ஒன்றல்ல, எத்தனையோ.

அதனால் இந்தத் தடவை நான் விடவில்லை. சனி, ஞாயிறு எல்லாம் வீட்டில் ஒத்திகை. மகள்தான் தலைவர், கழுத்தில் அவளுடைய பள்ளி டை. நான் வெளித் தேர்வாளர். "ஃபேன் கத்தினாலும் சரி, கூரையே பிச்சுக்கிட்டு விழுந்தாலும் சரி, கேள்வி கேக்கிறவங்க மூஞ்சியைத்தான் பாக்கணும். புரிஞ்சுதா?" என்றேன். "சரி பட்டாசு" என்று தலையாட்டினான்.

மகள் என்னையே மிஞ்சிவிட்டாள். ஒரு நாள் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே நைசாக வெளியே போய், அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலுக்கடியில் அவளுடைய சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். எண்ணெய் கண்டு மாதக்கணக்காகும் சக்கரம். கீச் கீச்சென்று பல்லைக் கூச வைத்தது. அவன் அசையவில்லை. அதிர்வு ஒடுக்கம் பற்றி ஆரம்பித்த வாக்கியத்தை அழகாக முடித்தான். நான் எழுந்து கையைத் தட்டினேன்.

"தேறிட்டடா! இத்தனை வருஷத்துல இப்பதான் மனுஷனாயிருக்க!"

அவன் ஒரு மாதிரியாகச் சிரித்தான். யோசித்துப் பார்த்தால் கொஞ்ச காலமாகவே அவன் மாறித்தான் இருந்தான். வீட்டுக்குள் காலை வைத்ததும் மிக்ஸியைக் குறை சொல்வது, மோட்டாருக்கு வைத்தியம் பார்ப்பது எல்லாம் நின்றிருந்தது. வயசாகிறது, புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நேர்காணல் அறையையும் நான் சும்மா விடவில்லை. முன்கூட்டியே போய் ஃபேனைப் போட்டுப் பார்த்து, எலக்ட்ரீஷியனைப் பிடித்து எண்ணெய் விடச் சொல்லி, நாற்காலிகளை எல்லாம் ஆட்டிப் பார்த்து, கதவுக் கீலுக்குக் கிரீஸ் தடவிவிட்டு வந்தேன். துறைத் தலைவர் பார்த்துவிட்டார்.

"மேடம், அந்தப் பக்கமே வராதீங்க. நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். வர மாட்டேன் என்றேன்.

நேர்காணல் அன்றைக்குப் பார்த்து அந்த அறையில் வேறு ஏதோ கூட்டமாம். நேர்காணலைப் பழைய வரைபடக் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.  அந்தக் கூடத்து ஃபேன் பேர்போனது. அங்கே பாடம் எடுப்பவர்கள் எல்லாரும் தொண்டை கட்டிப்போய்த்தான் வெளியே வருவோம்.

வகுப்பில் ஒரு பெரிய கணக்கைக் கொடுத்துவிட்டு ஓடினேன். கூடத்துக்கு எதிரே குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது. தண்ணீர் குடிப்பதை யார் தடுக்க முடியும்? கதவோரம் நின்ற உதவியாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரொம்ப தாகமா மேடம்?"

"வெயில் ஜாஸ்திங்க" என்று இன்னொரு டம்ளர் பிடித்தேன்.

கதவு முழுசாகச் சாத்தவில்லை. இடுக்கில் அவனுடைய பின்னந்தலை தெரிந்தது. மேலே ஃபேன் ஊசி மாதிரிக் கூர்மையாக, விடாமல், கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. வெளித் தேர்வாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். துறைத் தலைவர் நிமிர்ந்து ஃபேனை ஒரு தடவை முறைத்தார். இவன் நிமிரவில்லை. கேட்கிறவர் முகத்தையே பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னான். திரும்பாதே, திரும்பாதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். அவன் எழுந்து வணக்கம் சொல்லும்வரை அந்தத் தலை அசையவே இல்லை.

எல்லாருடைய நேர்காணலும் முடிந்தபின் துறைத் தலைவர் வெளியே வந்தார். தாழ்வாரத்துக் கடைசி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். தலைவர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"கடிதம் பின்னால வரும் மேடம். உங்க வீட்டுக்காரர்தான். எல்லாரும் ஒரே மனசாச் சொல்லிட்டாங்க. அந்த ஃபேன் சத்தத்துல எங்களுக்கே மண்டை வெடிச்சுது. வந்தவங்க எல்லாம் தடுமாறிட்டாங்க. இவர் அசரவே இல்லையே, என்ன நிதானம்!"

நன்றி சொன்னேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினேன்.

"கிடைச்சிருச்சுடா! உனக்குத்தான்! ஒரே வீடுடா!"

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.  

"எப்படிடா தாங்கின அந்த ஃபேனை? வெளிய நின்ன எனக்கே காது கிழிஞ்சுது!"

"எந்த ஃபேன்?" என்றான்.

கிண்டல் செய்கிறான் என்று தோளில் ஓர் அடி போட்டேன். அவன் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"சத்தம் போட்டுச்சா?"

சைக்கிள் சக்கரம் நினைவுக்கு வந்தது. மிக்ஸி, மோட்டார், அந்த ஒரு மாதிரியான சிரிப்பு எல்லாம் வந்தது. நான் கையைத் தட்டினேனே! பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. கீச்சுன்னு உசந்த சத்தம்தான் கேக்கலை. குருவி, காலிங் பெல், இந்த மாதிரி. பேசறது கேக்குது. உன் சத்தம் எப்பவும் கேக்கும்."

"டெஸ்ட் ரூம்ல காதுமூடி தருவாங்களே?"

"தருவாங்க. போட்டுக்கிட்டா எஞ்சின் என்ன சொல்லுதுன்னு தெரியாது பட்டாசு. கழட்டிடுவேன்."

பளாரென்று ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. "அறிவு கெட்டவனே, கேக்கிறதுக்காகக் கழட்டிக் கழட்டியே காதைத் தொலைச்சியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"சொன்னா நீ அழுவ. அங்க தெரிஞ்சா அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது. அதான் இந்த வாத்தியார் வேலை கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்."

நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரைபடக் கூடத்துக்குள் போனேன். தேர்வாளர்கள் போய்விட்டார்கள், தண்ணீர் டம்ளர்கள் மேஜையில் இருந்தன. ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்ற ஆரம்பித்துக் கீச்சிட்டது. அவன் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு அது சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு சத்தம்?" என்றான்.

"கீச்ச்... கீச்ச்..." என்று காட்டினேன்.

"கொஞ்சம் தாழ்த்திக் காட்டு."

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆம்பளைக் குரலில் அந்த ஃபேன் மாதிரியே கத்தினேன். வாசலில் உதவியாளர் வந்து நின்று வாயைப் பிளந்து பார்த்தார். பார்க்கட்டும்.

"விட்டு விட்டு வருதா, விடாம வருதா?"

"விடாம."

"போட்டதும் அதிகமா, ஓட ஓட அதிகமா?"

"ஓட ஓட." மறுபடியும் கத்திக் காட்டினேன்.

அவன் பழைய லேப்பில் நிற்பது போலவே கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, என் பக்கமாகச் சாய்ந்து நின்றான். "மேல் பேரிங்தான். கிரீஸ் காஞ்சு போச்சு" என்றான்.

வாசலிலிருந்து உதவியாளர், "எலக்ட்ரீஷியனும் அதைத்தான் சார் சொன்னாரு" என்றார்.

"இன்னொரு தரம் காட்டு" என்றான். காட்டினேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"உன் குரல்ல ஒரு நடுக்கம் இருக்கு. காய்ச்சலா?"

"இல்லடா" என்றேன். அதற்குமேல் என்னால் அந்த ஃபேன் மாதிரி கத்த முடியவில்லை.