மூன்றாவது தடவை தூக்கும்போது

1

இந்தக் கதை ஒரு தவறான இருக்கையில் ஆரம்பித்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வண்டிக் கடைக்காரர் ஒரு மோட்டார்சைக்கிளை வெளியே கொண்டுவந்து நிறுத்தி, ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். கதையின் நாயகி (ஐம்பத்திரண்டு வயது, கணவர் இறந்து ஐந்து மாதம்) சாவியை வாங்கிக்கொண்டு நேராகப் போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு, பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு தோளைத் தேடினாள்.

"ஓட்டப்போறவங்க வந்துட்டிருக்காங்களா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"வந்தாச்சு. இடம் மாறி உக்காந்துட்டாங்க" என்றாள் அவள்.

கடைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்போது அவளுக்கு என்ன தோன்றியது என்பதை எழுத மூன்று தடவை முயன்றேன். "அவள் நெஞ்சுக்குள் ஏதோ—" என்று மூன்றுமே பாதியில் நின்றுவிட்டன. நிற்கட்டும்.

2

முதல் வரைவு, "மலை அவளை அழைத்தது" என்று தொடங்கியது. மலை யாரையும் அழைக்காது. அடித்துவிட்டேன். அடுத்தது, "இருநூற்றிருபது கிலோவுக்கும் நூற்று நாற்பது கிலோவுக்கும் நடுவே ஒரு பெண்—" என்று போயிற்று. இது மூட்டை தூக்கும் இடத்தில் எழுதிவைக்கும் வாசகம். ஆகவே நேராகவே சொல்கிறேன்.

அவளும் கணவரும் மழை அளப்பவர்கள். மலைமேல் ஆறு இடங்களில் மழைமானிகள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை போய், சேர்ந்த தண்ணீரை அளந்து, கொட்டிவிட்டு, ஆவியாகாமலிருக்க உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு மூடிவர வேண்டும். தார்ச்சாலை எழுபது கிலோமீட்டர். அதற்கப்புறம் கல்லும் சேறுமாகப் பதினெட்டு. அவர் ஓட்டுவார். அவள் பின்னால் இருந்து இறங்கி, அளந்து, பென்சிலால் குறித்துக்கொள்வாள்.* பதினொரு வருடம் இப்படி.

அவர் போனபின் ஆபீசில் மரியாதையாகவே சொன்னார்கள். "மழை தொடங்குறதுக்குள்ள தனியாப் போய்வர முடியும்னா நீங்களே பாருங்க. இல்லேன்னா வேற ஆளைப் போடணும். தப்பா எடுத்துக்காதீங்க."

முடியும் என்று சொல்லிவிட்டாள். எந்த வண்டியில் என்பதைத்தான் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது.

(* பேனா மழையில் அழுதுவிடும். பென்சிலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.)

3

அவர் விட்டுப்போன வண்டி பெரியது. இரண்டு சிலிண்டர், இருநூற்றிருபது கிலோ. பக்கப் பெட்டிகளை மாட்டினால் இன்னும் கூடும். நெடுஞ்சாலையில் பக்கக் காற்று அடித்தாலும், லாரி உரசிக்கொண்டு போனாலும், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் கல்லில் ஏறும்போது ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் சாய்ந்ததுதான். கடையில் பார்த்தது சின்னது. ஒரே சிலிண்டர், நூற்று நாற்பது. தார்ச்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் உள்ளங்கை மரத்துப்போகும்; காற்று அதை இப்படியும் அப்படியும் தள்ளி விளையாடும். மண்ணில் இறங்கிவிட்டாலோ, எழுந்து நின்றுகொண்டு முழங்காலாலேயே திருப்பலாம்.

படித்தால் தேர்வு சுலபம் என்று தோன்றும். எடையைக் கிலோவில் எழுதியதால் வந்த வினை. பெரிய வண்டியின் இடது கைப்பிடி ரப்பரில் அவர் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் ஒன்று உண்டு. அவள் தன் விரலை அதில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அது எத்தனை கிலோ?

(இந்தக் கேள்வி கொஞ்சம் அதிகப்படி. இருந்துவிட்டுப் போகட்டும்.)

4

கணவரின் தம்பியை முதல் வரைவில் வில்லனாக்கிவிட்டேன். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். இப்போது தலை நரைத்துவிட்டது. பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டுச் சின்னதை எடுக்கலாமா என்று அவள் கேட்டபோது, "அண்ணன் வண்டி வாசலைத் தாண்டிப் போச்சுன்னா, நானும் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று கத்தியவன் அவன்தான். மேஜைமேல் கிடந்த அந்தப் பக்கங்களை ஒருநாள் எடுத்துப் படித்துவிட்டான்.

"அண்ணி, நான் இவ்வளவு மோசமாவா பேசினேன்?"

"இதைவிட மோசமாப் பேசினேடா. பாதியை வெட்டிட்டேன்."

"அந்தப் பாதியையும் போட்டிருந்தா கொஞ்சம் கெத்தாவாவது இருந்திருக்கும்."

ஆக, ரகசியம் போயிற்று. 'அவள்' யாரென்று இனி மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனாலும் அவள் என்றே எழுதுகிறேன். 'நான்' என்று எழுதினால் கை நகர மறுக்கிறது. 'அவள்' என்றால் ஓரெட்டுத் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. வில்லன் வேலையிலிருந்து அவனை நீக்கிவிட்டேன். அவன் வண்டிக்காகக் கத்தவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

5

மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம். மலைப்பாதைக்கு வண்டியைத் தயார் செய்யச் சொல்லி யார் வந்தாலும், பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஜல்லித் தரையில் அதைப் படுக்கப் போடச் சொல்வார். பிறகு தனி ஆளாகத் தூக்கி நிறுத்த வேண்டும். மூன்று தடவை. அவளும் கொழுந்தனும் பெரிய வண்டியோடு, கடைக்காரர் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த சின்ன வண்டியையும் கொண்டுபோயிருந்தார்கள்.

"அதென்ன மூணு கணக்கு?" என்று கேட்டான் கொழுந்தன்.

"முதல் தடவை கோபம் தூக்கிடும் சார். ரெண்டாவது தடவை வீம்பு தூக்கிடும். மூணாவதுதான் ஆளு தூக்கணும்."

"தள்ளுங்க, நான் காட்டறேன்." அண்ணனின் வண்டியைக் கொழுந்தன் ஒருமுறை தூக்கினான். இரண்டாவது முறை பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"பரவால்ல சார், வீம்பு வரைக்கும் வந்துட்டீங்க" என்றார் மெக்கானிக்.

அடுத்து அவள். ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, முதுகைச் சீட்டோடு ஒட்டவைத்து, குந்தி, குதிகாலால் ஜல்லியை அழுத்திப் பின்பக்கமாக எட்டு வைத்தாள். வண்டி எழுந்தது. இரண்டாவது முறையும், பல்லைக் கடித்துக்கொண்டு, எழுந்தது. மூன்றாவது முறை ஒரு சாண் எழும்பியது. நின்றது. பிறகு மெதுவாக, சண்டை போடாமல், பழையபடி படுத்துக்கொண்டது.

கொழுந்தன் ஓடிவந்தான். மெக்கானிக் கையை நீட்டித் தடுத்தார். "மலைல நீங்க கூட இருப்பீங்களா சார்?"

அவள் ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மெக்கானிக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? பதினொரு வருஷம் முன்னாடி பெரிய சார் என்னைக் கூட்டிட்டு எடுக்க வந்தது அந்த மாதிரி சின்ன வண்டிதான். ரெண்டு நாள் ஓட்டினாரு. இறங்கவே மனசில்ல அவருக்கு. அப்புறம், 'பின்சீட்டு பலகை மாதிரி இருக்குப்பா, அவளுக்கு முதுகு தாங்காது'ன்னுட்டு இதை எடுத்தாரு. கல்லுல இதோட மல்லுக்கட்டறப்ப எல்லாம் என்னைத்தான் திட்டியிருப்பாரு."

"ஆமா. 'எவன்யா இதை என் தலைல கட்டினான்'ம்பார்."

"கட்டினது நீங்கதான் மேடம்."

6

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ஒரு கதையில், சரியான நேரத்தில், சரியான ஆள் வாயிலிருந்து இப்படி ஒரு தகவல் வந்து விழுந்தால் நானே நம்பமாட்டேன். இரண்டு வரைவுகளில் இதை வெட்டிப் பார்த்தேன். அவள் ஏன் எழுந்தாள் என்பதற்குக் காரணமில்லாமல் போயிற்று. நடந்ததை நடந்தபடி வைத்துவிட்டேன். கலைக்கு ஆகாது என்றால் ஆகாமல் போகட்டும்.

பெரிய வண்டி அவர் ஆசை என்று பதினொரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஆசைப்பட்ட மாதிரியான சின்ன வண்டி இப்போது ஓரமாக, பக்கத்தாங்கியில் சாய்ந்து நின்றது. எழுந்துபோய் அதைப் படுக்கப் போட்டாள். தூக்கினாள். மறுபடி, மறுபடி. நாலாவது தடவையும் போட்டுத் தூக்கினாள்.

"நாலு யாரு கேட்டா மேடம்?"

"சும்மா."

கொழுந்தன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்படியே, "பெருசை நான் ஓட்டறேன் அண்ணி. ரோட்டுல மட்டும். கீழ போடாம" என்றான்.

7

வேறு முடிவுகளும் கைவசம் உண்டு. அவள் தினமும் பயிற்சி செய்து பெரிய வண்டியையே வென்றுவிடுவதாக ஒன்பது பக்கம் எழுதினேன். நடை நன்றாக வந்திருந்தது. முழுப் பொய். வேலையை விட்டுவிட்டுப் பெரிய வண்டியை வாரம் ஒருமுறை துடைத்துவைப்பதாக ஒன்று. அது பொய்யில்லை, நடந்திருக்கக்கூடியதுதான், அதனாலேயே சீக்கிரம் கிழித்துப்போட்டேன். முதல் மழைமானியருகே அவள் விழுந்து, வழிப்போக்கர் யாரோ—

வேண்டாம். தூக்கிவிட ஆள் வந்தால் இத்தனை பக்கமும் வீண்.

8

இப்போது காலை ஏழு மணி. சின்ன வண்டி வாசலில் நிற்கிறது. நோட்டு, அளவுக் குடுவை, எண்ணெய் போத்தல் எல்லாம் பின்சீட்டில் கட்டியாகிவிட்டது. எட்டரைக்குள் கிளம்பினால் மத்தியானம் ஆறு மானியும் முடிந்துவிடும். அதை எழுத எனக்குச் சிரமமில்லை. ஒவ்வொரு வளைவும் மனப்பாடம்.

ஒரு இடம்தான் தெரியாது. மூன்றாவது மானியைத் தாண்டியதும் வலப்பக்கம் ஓர் ஒற்றையடிப் பாதை பிரிகிறது. பெரிய வண்டி அதில் நுழையாது. ஒவ்வொரு மாதமும் அந்த இடத்தில் அவர் வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்து, "அடுத்த வருஷம்" என்பார். அதற்கு நாங்கள் வைத்த பெயரே அடுத்த வருஷப் பாதை.

இதுவரை எழுதியது எல்லாம் நினைவிலிருந்து. அந்தப் பாதையைப் பற்றி எனக்கு ஒரு நினைவும் இல்லை. அதனால் இனி உங்கள் கையில். ஓடை வேண்டுமென்றால் ஓடை வையுங்கள். நாலு மரத்தோடு முட்டுச்சந்தாகவும் முடிக்கலாம். அவளுக்கு வருத்தமில்லை, வண்டியைத் திருப்பிக்கொள்வாள். அந்தப் பக்கம் ஒரு சமவெளி இருந்தால் இன்னும் நல்லது.

ஒன்று மட்டும். அவளைத் திரும்பிப் பார்க்க வைத்துவிடாதீர்கள். கல்லில் ஓட்டும்போது கண் எங்கே போகிறதோ, வண்டியும் அங்கேதான் போகும்.